செல்லசாமி பாஸின் இரண்டு விரல்கள்

"எடது... ம். வலது... ம். மறுபடி எடது. டேய், மாட்டப் புடிச்சு இழுக்குற மாதிரி இழுக்காத. தொட்டில் ஆட்டுற மாதிரி ஆட்டு."

குரல் ஜீப்புக்கு அடியிலிருந்து வருகிறது. வெளியே தெரிவது இரண்டு பாதங்கள் மட்டும். ஒன்றில் நீல ரப்பர் செருப்பு, மற்றதில் பச்சை. இரண்டு ஜோடி வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒரு கால் அறுந்துபோய், மிச்சமிருந்ததைச் சேர்த்து அவரே உண்டாக்கிய மூன்றாவது ஜோடி அது. செல்லசாமி பாஸ் மல்லாந்து படுத்திருக்கிறார். கைத்தொழில் தெரிந்த மேஸ்திரியை இந்தப் பக்கத்தில் பாஸ் என்பார்கள். கண்கள் மூடியிருக்கின்றன. பார்த்தால் தூங்குகிறார் என்றுதான் நினைக்கத் தோன்றும். ஆனால் வலது கையின் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் முழு விழிப்போடு இருக்கின்றன.

அந்த இரண்டு விரலும் பிடித்திருப்பது டை ரொட்டின் முட்டியை. முன்சக்கரங்கள் இரண்டையும் சேர்த்துத் திருப்புகிற நீளக் கம்பிதான் டை ரொட். அதன் இரண்டு முனையிலும் முழங்காலில் இருப்பது போல ஒரு முட்டி உண்டு. முட்டி தேய்ந்துவிட்டால், மேலே ஸ்டியரிங்கை அசைக்கும்போது சக்கரம் திரும்புவதற்கு முன்னால் 'டிக்' என்று ஒரு சின்னத் தட்டு விழும். காதுக்குக் கேட்காது. விரலுக்கு மட்டும் தெரியும். அதற்கு 'ப்ளே' என்று பெயர். ஒரு ஆள் மேலே உட்கார்ந்து ஆட்ட, பாஸ் கீழே படுத்துப் பிடிக்க, முட்டி முட்டியாகப் போய் ப்ளே பார்ப்பார். எல்லாம் முடிந்தபின் அடியிலிருந்தே ஒரு சொல் வரும்: "சரி." அது வந்தால்தான் வண்டி போகலாம்.

"கண்ணு ஏமாத்தும்ப்பா. வெரலு ஏமாத்தாது" என்பார்.

நுவரெலியாவுக்குப் பக்கத்தில், கந்தப்பளையில் பைஸர் நானாவின் ஸ்பெயார் பார்ட்ஸ் கடைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு ஷெட். அதுதான் பாஸின் ராச்சியம். ஐம்பத்தெட்டு வயது. உயரம் அதிகமில்லை. தூக்கின ஜீப்புக்கு அடியில் குனியாமலே நுழைகிற ஆள் உலகத்திலேயே அவர் ஒருவர்தான் என்று ஜீப் ஸ்டாண்டில் சொல்வார்கள். பொய். கொஞ்சம் குனிவார்.

தூக்கின ஜீப் இந்தப் பக்கத்தில் அதிகம். பட்டிப்பொல வழியாக ஹோட்டன் சமவெளிக்கு வெள்ளைக்காரரை ஏற்றிப் போகிறவர்கள் தூக்குவார்கள். பாதை என்று சொல்லிக்கொள்கிற கல்லுக்குவியலில் ஏறித் தேயிலைத் தோட்டங்களின் மேல் டிவிஷன்களுக்குப் போகிறவர்களும் தூக்குவார்கள். சிலர் சும்மா அழகுக்காகத் தூக்குவார்கள். ஸ்பிரிங் பட்டை கூடுதலாகப் போட்டு உடம்பை நாலு அங்குலம் மேலே ஏற்றிவிட்டால், வண்டி சண்டைக்கு நிற்கிற கடுவன் பூனை மாதிரி ஆகிவிடும். ஆனால் உடம்போடு ஸ்டியரிங் பெட்டியும் மேலே போய்விடும். சக்கரம் கீழேயே இருக்கும். நடுவில் இருக்கிற கம்பி சாய்ந்து இழுபடும். பள்ளத்தில் சக்கரம் விழும்போதெல்லாம் ஸ்டியரிங் தன் இஷ்டத்துக்குத் திரும்பும்.

"ஒருத்தன ஸ்டூல்ல ஏத்திவிட்டுட்டு, கைய மட்டும் தரையில வைய்யின்னா எப்பிடிடா வைப்பான்?" என்று கேட்டுக்கொண்டே கம்பியின் நீளத்தைக் கூட்டிக் குறைப்பார். மற்ற கராஜ்களில் ஸ்டியரிங் கோணலாக நின்றால் வட்டத்தைக் கழற்றி நேராக மாட்டிக் கொடுத்துவிடுவார்கள். பார்க்க நேராக இருக்கும். வளைவில் ஒரு பக்கம் முழுசாகத் திரும்பும், மறுபக்கம் பாதியிலேயே நின்றுவிடும். அப்படி ஒரு வண்டி வந்தால் பாஸுக்குக் கோபம் வரும். "மூஞ்சியத் திருப்பி வச்சா கழுத்துச் சுளுக்குப் போயிருமா?"

சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று பார்க்கப் பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரத்துக்கு நூல் கட்டுவார். முன்சக்கரங்களின் முன்பக்க இடைவெளியையும் பின்பக்க இடைவெளியையும் அளப்பது ஒரு மட்டக்கம்பால். தேயிலைச் செடிகளின் தலை ஒரே மட்டமாக இருக்கிறதா என்று கொழுந்து எடுக்கிற பெண்கள் மேலே வைத்துப் பார்க்கிற நீளக் கம்பு அது. மனைவி அங்கம்மாவிடமிருந்து சுட்டது. இரண்டு பக்கமும் ஆணி அடித்துத் தன் தொழிலுக்கு மதம் மாற்றிவிட்டார்.

"மலையில கம்பு இல்லாம கங்காணிகிட்ட நான் ஏச்சு வாங்குனேன். இங்க என் கம்பு ஜீப்புக்குச் சவரம் பண்ணிக்கிட்டு இருக்கு" என்று அங்கம்மா இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார். அது நடந்து பதினைந்து வருடம்.

பாஸோடு பஸ்ஸில் போவது ஆபத்து. டிரைவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்துகொள்வார். கொஞ்ச நேரம் கால் வழியாகக் கேட்பார். பிறகு பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி, "டிரைவர் தம்பி, எடது முட்டி போயிருச்சு" என்பார். ஒரு தடவை நுவரெலியா போகிற பஸ்ஸில் அதைக் கேட்ட ஒரு அம்மா, ராகலைக்குப் போவதாகச் சொல்லி நடுவழியில் இறங்கிவிட்டார். ராகலை எதிர்ப்பக்கம்.

ஸ்டாண்டில் இருக்கிற பொடியன்களுக்கு இவரைச் சோதிப்பது ஒரு வேலை. வண்டியை ஷெட்டில் விடுவதற்கு முன்னால் எங்காவது ஒரு முட்டியின் நட்டைத் தளர்த்தி, ஒரு தட்டுத் தட்டிவிட்டு, ஒன்றும் தெரியாத முகத்தோடு நிற்பார்கள். பாஸ் கண்டுபிடித்தால் அவருக்கு மீன் அடைத்த ஒரு மாலுபாணும் ப்ளேன்டீயும். கண்டுபிடிக்காவிட்டால் அவர் வாங்கிக் கொடுக்க வேண்டும். இந்த விளையாட்டுக்கு ஒரே ஒரு சட்டம்: ஷெட்டை விட்டு வண்டி வெளியேறுமுன் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். இதில் தலைவன் விஜிதரன். மேல் டிவிஷனிலிருந்து பதினொரு பிள்ளைகளைக் காலையில் பள்ளிக்கூடத்துக்கு இறக்கி, பகலில் கிடைத்த ஓட்டத்தை ஓட்டி, பிறகு அவர்களைத் திருப்பி ஏற்றுகிற ஜீப் அவனுடையது. ஒரு நாள் சக்கர மூடிக்குள் புளியங்கொட்டை போட்டு வைத்தான். பாஸ் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "மூணு கொட்ட. ஒண்ணு ஒடஞ்சது" என்றார். திறந்து பார்த்தார்கள். உடைந்த கொட்டையைப் பார்த்து விஜிதரன் கும்பிடு போட்டான். இந்த விளையாட்டு தொடங்கின எட்டு வருடத்தில் பாஸ் ஒரு மாலுபாண்கூட வாங்கிக் கொடுத்ததில்லை.

போன மாரிக்காலத்தில் பாஸ் தேத்தண்ணிக் கடையில் அரைக் கிளாஸ் கேட்கத் தொடங்கினார்.

"ஏன் பாஸ், சீனி வியாதியா?"

"அரக் கிளாசு போதும்ப்பா. வயசாவுதுல்ல."

முழுக் கிளாஸ் என்றால் வாய்க்குப் போவதற்குள் பாதி சட்டையில் இருக்கும். வலது கை அப்படி. முதலில் பெருவிரல். பிறகு ஆள்காட்டி விரல். சும்மா இருக்கும்போது மாத்திரை உருட்டுகிற மாதிரி ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருக்கும். கந்தப்பளைக் குளிரில் எல்லோருக்கும்தான் கை நடுங்குகிறது, யார் கவனிக்கப் போகிறார்கள் என்று அதை ஜேர்கின் பைக்குள் போட்டு வைத்தார். வெயில் வந்தது. கை நிற்கவில்லை.

ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரு டொக்டர் நோனா, பெண் டொக்டர். கையை நீட்டச் சொல்லிச் சிங்களத்தில் கேட்டார். நீட்டினார். ஒரு வட்டம் வரையச் சொன்னார். கணக்குப் பாடத்தில் கிடைக்கிற முட்டைகூட அதைவிட ஒழுங்காக இருக்கும். பிறகு டொக்டர் பாஸின் முழங்கையை ஒரு கையால் தாங்கி, மணிக்கட்டை மறு கையால் பிடித்து, மெதுவாக மடக்கினார், விரித்தார். மறுபடி மடக்கினார். கையைப் பார்க்கவில்லை. எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாஸுக்கு அந்த முகம் தெரியும். ஜீப்புக்கு அடியில் அவருக்கே இருக்கிற முகம் அது. மணிக்கட்டுக்குள்ளே, பல்சக்கரம் ஒவ்வொரு பல்லாக ஏறுகிற மாதிரி, டிக், டிக், டிக் என்று விழுந்தது. டொக்டரின் விரலுக்கு அது போய்ச் சேர்ந்ததை அவரும் உணர்ந்தார். வியாதியின் பெயரை டொக்டர் சொல்வதற்கு முன்பே அவருக்கு முடிவு தெரிந்துவிட்டது. டை ரொட்டாக இருந்தால் மாற்றிவிடலாம்.

"என்னவாம்?" என்றார் அங்கம்மா.

"நரம்புத் தளர்ச்சியாம். பனிக்கு வர்றது. குளிசை குடுத்திருக்காங்க."

"பனி எனக்குந்தான் அடிக்குது" என்று சொல்லிவிட்டு அங்கம்மா விறகு எடுக்கப் போனார்.

இதற்குப் பிறகு ஷெட்டில் நடந்தது யாருக்கும் முதலில் விளங்கவில்லை. வருகிற வண்டியிலெல்லாம் ப்ளே இருந்தது. பிடித்த முட்டியிலெல்லாம் டிக் என்றது. ஒரே மாதத்தில் மூன்று ஜீப்புக்கு முட்டி மாற்றினார். கழற்றிய பழைய முட்டிகள் தகரப் பேணிக்குள் கிடந்தன. ஒரு நாள் பைஸர் நானா அதில் ஒன்றை எடுத்து அசைத்துப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாஸ், இதை ஏன் கழட்டினீங்க? புதுசு மாதிரி ஈக்குதே."

"ப்ளே இருந்திச்சு நானா."

நானா இன்னொரு தரம் அசைத்தார். அது அசையவே இல்லை. "எனக்கு இந்த வேல விளங்காது. நீங்க சொன்னாச் சரிதான்" என்று பேணிக்குள் சத்தம் வராமல் வைத்துவிட்டுப் போனார். சாமான் விற்கிற கடைக்காரரே, சாமான் வாங்கினது போதும் என்று சொல்ல வருகிறார் என்றால் விஷயம் பெரிது.

அன்று ஷெட்டில் யாரும் இல்லாத நேரம் பாஸ் அந்தப் பழைய முட்டியை மேசையில் இருக்கிற இரும்புப் பிடிப்பில், வைஸில், மாட்டி விரலால் பிடித்தார். டிக். யாரும் ஆட்டவில்லை. வைஸில் இறுக்கிய இரும்பு. டிக், டிக். இடது கையால் பிடித்துப் பார்த்தார். இடது கைக்கு ஒன்றும் தெரியவில்லை. அது பள்ளிக்கூடமே போகாத கை.

அன்றிலிருந்து டிக் வந்தால், இது வண்டியில்லை, நான்தான் என்று எண்ணிக்கொள்ளப் பழகினார்.

அந்தப் பழக்கம் பிடித்துப் பத்து நாளில் விஜிதரன் ஷெட்டில் வண்டியை விட்டான். மேலே உட்கார்ந்து ஆட்டினான். பாஸ் ஒவ்வொரு முட்டியாகப் பிடித்தார். வலது முனையில் டிக் என்றது, பலமாகவே. நான்தான் என்று நினைத்துக்கொண்டார். "சரி. எடுத்துட்டுப் போ."

மேலே சத்தம் இல்லை. அவர் ஏமாந்திருந்தால் இந்த இடத்தில் ஸ்டாண்டே ஓடிவந்து சிரிக்க வேண்டும். பாஸ் வெளியே வந்ததும் விஜிதரன் இறங்கி, அவர் முகத்தைப் பார்த்தான்.

"நீங்கதான் ஜெயிச்சீங்க பாஸ்" என்றான். "வாங்க, மாலுபாண் வாங்கித் தாறேன்."

"எந்த நட்டுடா?"

"எந்த நட்டும் இல்ல. இன்னைக்கு ஒண்ணும் செய்யல. ஒண்ணும் செய்யாததக் கண்டுபுடிச்சீங்கல்ல, அதுக்குத்தான்."

தேத்தண்ணிக் கடையில் அவரை உட்காரவைத்து, வாங்கிக் கொடுத்துவிட்டு, இதோ வாறேன் என்று போனான். கடை யன்னலால் ஷெட் தெரியும். ஜீப்புக்கு அடியில் வலது பக்கமாக இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. பத்தொன்பதாம் நம்பர் ஸ்பெனர் நட்டில் கடிக்கிற சத்தம் இரண்டு தரம் கேட்டது. பாஸ் மாலுபாணைக் கடித்து வாயிலேயே வைத்திருந்தார்.

அதற்குப் பிறகு யாரும் அவருக்காக நட்டைத் தளர்த்தவில்லை. புளியங்கொட்டை போடவில்லை. "பாஸ், சாப்பிட்டீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டார்கள். எட்டு வருடமாகக் கேட்காத கேள்வி. அவருக்கு அதுதான் எல்லாவற்றையும்விட வலித்தது.

'சரி' என்ற சொல்லை அவர் விட்டுவிட்டார். கொழும்பிலிருந்து சாமான் வரவில்லை என்றார். நூல் அறுந்துவிட்டது என்றார். மழை என்றார். விஜிதரனின் ஜீப்புக்குப் புது ஸ்பிரிங் பட்டை போட்டு, ஸ்டியரிங்கை அதற்கேற்ப வைக்க வேண்டியிருந்தது. வேலை முடிந்து கடைசிப் பார்வை மட்டும் பாக்கி. புதன்கிழமையிலிருந்து அது ஷெட்டில் நின்றது. பிள்ளைகள் மூன்று பள்ளிக்கூட நாளும் மழையில் நடந்து இறங்கினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பகல் விஜிதரன் வந்தான்.

"பாஸ், நாளைக்குப் புள்ளைகளுக்கு வண்டி வேணும். சின்னதுக நனைஞ்சு காய்ச்சலோட கெடக்குதுக. நீங்க புடிச்சுப் பாத்துச் சொல்லுங்க. போதும்."

"நோர்வூட்ல மெசின் வச்சுப் பாக்குறானாம்ல. அங்க கொண்டு போ."

"நீங்க சரின்னு சொல்லாம நான் புள்ளைகள ஏத்த மாட்டேன்."

பாஸ் அவனைப் பார்த்தார். நட்டை முடுக்கியவனே இதைச் சொல்கிறான். மட்டக்கம்பை ஓரமாக வைத்துவிட்டு அடியில் போய்ப் படுத்தார். விஜிதரன் மேலே ஏறி ஆட்டினான். இடது முட்டி. டிக். "நிப்பாட்டு." நிறுத்தினான். டிக். "ஆட்டு." டிக். "நிப்பாட்டு." டிக். இப்படியே பத்துத் தரம்.

அங்கம்மா ரொட்டியும் கட்டைச் சம்பலும் கொண்டு வந்து, ஜீப்புக்குப் பக்கத்தில் நின்றார். "ரொட்டி ஆறிப் போவுது. வெளியில வாங்க." குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டுச் சாப்பாட்டுப் பெட்டியை மட்காட்டின்மேல் வைத்தார். மூலையில் கிடந்த உரச் சாக்கை உதறி விரித்தார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முதுகாலே உள்ளே வந்தார்.

"என்ன புள்ள பண்ற? ஊரு சிரிக்கும்."

"ஊருக்கு ஞாயித்துக்கெழம வேற வேல இல்ல, சிரிக்கட்டும். தள்ளிப் படுங்க. எதப் புடிக்கணும்?"

அவர் காட்டினார். முப்பத்து நான்கு வருடம் கொழுந்து கிள்ளிக் கறுத்துப்போன இரண்டு விரல் முட்டியைப் பிடித்தது. அங்கம்மாவும் கண்ணை மூடிக்கொண்டார். சொல்லிக் கொடுக்கவில்லை, தானாக மூடியது. விஜிதரன் ஆட்டினான், நிறுத்தினான், மறுபடி ஆட்டினான்.

"ம்" என்றார் அங்கம்மா.

"என்ன, ம்?"

"கொழுந்து கிள்ளுறப்ப ஒடிஞ்சு வர்ற எடத்துல சின்னதா ஒண்ணு வெரல்ல படுமே, அப்பிடி ஒண்ணு இருக்கு. நிப்பாட்டுனா இல்ல."

பாஸ் ஜீப்பின் வயிற்றைப் பார்த்தார்.

"நிப்பாட்டுனாலும் எனக்கு அது இருக்குது, புள்ள" என்றார்.

"தெரியும்."

"எப்பருந்து?"

"அரக் கிளாசு கேட்டீங்களே, அன்னையிலருந்து."

மேலே ஸ்டியரிங் அசையவில்லை. இருமல் மாதிரி ஏதோ ஒரு சத்தம் வந்தது. பிறகு விஜிதரனின் குரல்: "பாஸ்... ஆட்டவா?"

அங்கம்மா தன் விரலை எடுத்துவிட்டு, அவருடைய விரல்களை முட்டியில் வைத்தார். இரண்டு கையாலும் அவருடைய மணிக்கட்டைச் சுற்றிப் பிடித்தார், தலையில் கூடைக் கயிற்றை இறுக்குகிற இறுக்கம். நடுக்கம் இரண்டு துள்ளல் துள்ளியது. பிறகு, போக இடமில்லாமல், அடங்கியது.

"ஆட்டுய்யா தம்பி."

பாஸ் கண்ணை மூடினார். இடது. டிக். வலது. டிக்.

"நிப்பாட்டச் சொல்லு."

நின்றது. விரலில் ஒன்றும் இல்லை. இரும்பு, இரும்பாகக் குளிர்ந்து கிடந்தது. இன்னும் கொஞ்சம் பார்த்தார். ஒன்றும் இல்லை.

"வண்டிதான்" என்றார். பிறகு மேலே கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னார்: "டேய் விஜி, எடது முட்டி போச்சு. நானாகிட்ட ஒண்ணு எடு. பின்னேரத்துக்குள்ள மாத்திறலாம். எறங்காத, இரு. இன்னும் மூணு எடம் பாக்கணும்."

அடுத்த முட்டி வலது பக்கம். கையை விட்டால்தான் உருண்டு போகலாம். இரண்டு பேரும் விடவில்லை. மல்லாந்து படுத்தபடியே, ஒருவர் மணிக்கட்டை ஒருவர் பிடித்துக்கொண்டு, நீலமும் பச்சையுமாய் இரண்டு செருப்பும் வெறுங்கால் இரண்டும் தரையைத் தள்ள, அங்குலம் அங்குலமாக வலப்பக்கம் நகர்ந்தார்கள்.